கலைத்தொண்டும் திருவான்மியூரும்

 

குடமுழுக்கு விழாவில் நிகழும் சிறப்புடைச் செயல்களுள் ஒன்று அட்டபந்தனம் சாத்துதல். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்களையும் நெடும்பொழுது இடித்துப் பதமாக்கி, திருவுருவத்திற்கும் பீடத்திற்கும் இடையே சாத்துகின்றனர். அம்மருந்து இறுகியபின் திருவுருவம் அசைவற்று நிற்கும். ஆயினும், நாள்தோறும் திருமுழுக்கு நிகழ நிகழ, ஆண்டுகள் கழியக் கழிய, அப்பிணைப்பு நெகிழ்கின்றது. பன்னீராண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுக்குக என்று முன்னோர் வகுத்தது இதனாலேயே. பழுதுற்றது திருவுருவம் அன்று, பீடமும் அன்று. இரண்டையும் ஒன்றாய் நிறுத்திய பந்தனமே நெகிழ்ந்தது.

மக்கள் நிறுவிய அறநிலையங்கட்கும் இவ்வுண்மை பொருந்தும். கட்டடம் இருக்கும், ஆசிரியர் இருப்பர், மாணாக்கரும் வருவர். எனினும், எதன்பொருட்டு அந்நிலையம் தோன்றியது என்னும் கருத்து நெகிழ்ந்துவிடும். வரவும் செலவும் பார்ப்பதிலேயே நாள் கழியும். அப்பொழுது அந்நிலையத்தை நடத்துவோர் உள்ளத்தில், “இதனை இன்னும் நடத்தத்தான் வேண்டுமோ?” என்னும் ஐயம் எழும். கலைப்பள்ளிகளை நடத்துவோர்க்கு இவ்வையம் மிகுதியும் உண்டு. அவ்வையத்தை வென்று குறிக்கோளை மீட்டும் மீட்டும் கண்டெடுத்த ஒருவரின் வரலாறு இத்திருவான்மியூர் மண்ணோடு பிணைந்தது. கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் வரலாறே அது.

திருவான்மியூரின் பெருமை அன்பர் அனைவரும் அறிந்ததே. வான்மீகி முனிவர் வழிபட்ட தலம். அகத்தியருக்கு மருந்தின் இயல்பை இறைவன் உணர்த்திய தலம். சம்பந்தரும் அப்பரும் பாடிப் பரவிய தலம். மருந்தீசர் திருக்கோயிலுக்குச் சிறிது தொலைவில், கடற்காற்று வீசும் சோலையினிடையே கலாக்ஷேத்திரம் அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 100 ஏக்கர். இன்று அதனைக் காண்போர், செல்வம் மிக்க நிலையம் என்றே கருதுவர். அது கடந்துவந்த வழியோ கல்லும் முள்ளும் நிறைந்தது.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர். 1920-இல் பிரம்மஞான சபையைச் சார்ந்த ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலப் பெருமகனாரை மணந்தார். அக்காலச் சமூகம் அம்மணத்தை எளிதில் ஏற்கவில்லை. பின்னர், ருசிய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு வாய்த்தது. பிறந்த நாட்டுக் கலையைத் தேடுக என்று அவர் கூறிய அறிவுரை அம்மையாரின் உள்ளத்தில் வேரூன்றியது. மயிலை கௌரி அம்மாளிடமும் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அவர் ஆடல் பயின்றார். 1935 டிசம்பர் 30-ஆம் நாள் அடையாற்றில், பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அரங்கேறினார். ஒரு வாரத்திற்குள், 1936 ஜனவரி 6-ஆம் நாள், அனைத்துலகக் கலைக்கழகம் என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு ஒரு நிலையம் தோன்றிற்று. பின்னர் 1938-இல் அதுவே கலாக்ஷேத்திரம் எனப் பெயர் பெற்றது. கலைகட்குரிய திருத்தலம் என்பது அதன் பொருள். ஒரு மரத்தின் நிழலில், ஒரே மாணவியோடு அது தொடங்கியது என்பர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஆடற்கலையை அதுகாறும் காத்து வந்தவர்கள் கோயிற்பணி செய்த மகளிரும், அவர்க்குக் கற்பித்த நட்டுவனார்களுமே ஆவர். மயிலைக் கபாலீசர் திருமுன் ஆடும் உரிமை பெற்றிருந்தவர் கௌரி அம்மாள். காலத்தின் கொடுமையால் அம்மகளிர் பழிக்கப்பெற்றனர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் தடைசெய்தது. கலை மேடையேறிப் புகழ்பெற்றது. அதனைக் காத்து அளித்த குடும்பங்கள் பலவற்றுக்கு அப்புகழில் உரிய பங்கு கிட்டவில்லை. கௌரி அம்மாளிடம் பயின்ற மற்றொரு பெருங்கலைஞர் பாலசரஸ்வதி அம்மையார். பரதத்தைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்னும் பேச்சே தகாது, சிருங்காரமே அதன் உயிர் என்பது அவர் கொள்கை. ஓராசிரியையிடம் பயின்ற இருவர் இவ்வாறு இருவேறு வழிகளில் நின்றனர். இருவர் வழியும் தமிழ்நாட்டிற்கு வேண்டியனவே. கலைப்பள்ளி நடத்துவோர் முதற்கண் உணரவேண்டியது, தாம் பெற்ற கலை யாரிடமிருந்து வந்தது என்னும் நன்றியுணர்வேயாம்.

இனி, கலைப்பள்ளிக்கு வறுமை ஏன் நீங்கா நிழலாய் அமைகின்றது என்பதை ஆராய்தல் வேண்டும். கணக்கு வகுப்பில் ஓராசிரியர் நாற்பது மாணாக்கர்க்கும் ஒருங்கே கற்பிக்கலாம். ஆடலும் இசையும் அவ்வாறு கற்பித்தற்கு உரியன அல்ல. அரைமண்டி சரியாக அமைந்ததா, சுருதி சேர்ந்ததா என்று ஒவ்வொரு மாணாக்கரையும் தனித்தனியே நோக்கவேண்டும். ஒரு பெண் ஆடுதற்கு நட்டுவனார் வேண்டும், பாடுவோர் வேண்டும், மிருதங்கம் வேண்டும், குழலோ வீணையோ வேண்டும். இவற்றுள் எதனையும் குறைத்தல் இயலாது. மாணாக்கரின் கட்டணத்தைக் கொண்டே இத்தனை பேர்க்கும் ஊதியம் அளிக்க முற்பட்டால், செல்வர் வீட்டுப் பிள்ளைகளையன்றிப் பிறரைச் சேர்த்தல் இயலாது. ஏழை மாணாக்கர்க்கு உதவி அளித்தாலோ, பள்ளி கடனில் மூழ்கும். எனவே கலைப்பள்ளியின் பற்றாக்குறை பெரும்பாலும் நிருவாகத்தின் குற்றமன்று. அக்கலையின் இயல்பிலேயே அமைந்தது. இதனை அறியாதார், நடத்துவோரைத் திறமையற்றவர் என்று எளிதில் பழிப்பர்.

கலாக்ஷேத்திரத்தின் முதற்பெருஞ்சோதனை 1943-இல் வந்தது. நட்டுவனாராக விளங்கிய சொக்கலிங்கம் பிள்ளை அவ்வாண்டு நிலையத்தை விட்டு விலகினார். அவர் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மருகர், பெரும்புலமையாளர். நட்டுவாங்கம் ஆடவர் மரபு வழியாகவே வந்த தொழில். நட்டுவனார் இன்றி நாட்டியப்பள்ளி ஏது? கதவை அடைத்துவிடலாம் என்று எண்ணுதற்கு அதனினும் தக்க காரணம் வேறு வேண்டா. அம்மையாரோ வேறொன்று துணிந்தார். தாளத்தைத் தாமே கையில் ஏந்தினார். தம் மாணவியர்க்கும் அத்திறத்தைப் பயிற்றுவித்தார். அதன் பயனாய், நட்டுவாங்கம் செய்யும் பெண்டிர் ஒரு தலைமுறையினர் அங்கு உருவாயினர். இன்று தமிழ்நாட்டு மேடைகளில் பெண்கள் தாளமேந்தி அமர்வதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. அன்று அது புதுமை.

அவ்வாண்டே மற்றொரு பொறுப்பையும் அம்மையார் ஏற்றார். தமிழ்த்தாத்தா உ. வே. சாமிநாதையர் 1942-இல் இறைவன் திருவடி எய்தினார். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, வாழ்நாளெல்லாம் ஊரூராய் அலைந்து அவர் தேடிய ஏடுகள் சிதறிப்போகா வண்ணம் காக்கப்பெற வேண்டும். அதன்பொருட்டு, 1943-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் அம்மையாரின் முயற்சியால் அடையாற்றில் நிறுவப்பெற்றது. அந்நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் நிலைபெற்றுள்ளது. ஆடலுக்கு ஒரு மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தமிழுக்கு ஒரு மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இருவர் விட்டுச்சென்ற செல்வமும் ஒருவர் முயற்சியால் காக்கப்பெற்றது. தம் பள்ளியே தள்ளாடிய ஆண்டில் தமிழ் ஏடுகட்கும் இடம் தேடியமை, அம்மையாரின் குறிக்கோள் எத்துணை விரிந்தது என்பதைக் காட்டும். தன் நிலையம் பிழைத்தால் போதும் என்று எண்ணுவோர் இத்தகைய பொறுப்பை ஏற்கத் துணியார்.

அடுத்த ஆண்டாகிய 1944-இல் திருக்குற்றாலக் குறவஞ்சி அங்கு நாட்டிய நாடகமாயிற்று. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலநாதர்மேல் பாடிய அச்சைவத் தமிழ்நூல், கலாக்ஷேத்திரத்தின் நாட்டிய நாடக வரிசைக்குத் தொடக்கமாய் அமைந்தமை இவ்வவையினர்க்கு உவகை தரும். தனியொரு பெண்ணின் ஆடலை மட்டுமே நம்பி நின்ற பள்ளி, பலர் கூடி ஆடும் நாடகப்பள்ளியாய் விரிந்தது.

இரண்டாம் சோதனை 1945 ஆகஸ்டில் நேர்ந்தது. அருண்டேல் பெருமகனார் மறைந்தார். 1934 முதல் பிரம்மஞான சபையின் தலைவராய் விளங்கியவர் அவர். அம்மையாருக்கு அப்பொழுது வயது 41. கணவரை இழந்த துயரோடு வேறொரு கவலையும் சேர்ந்தது. கலாக்ஷேத்திரம் அதுகாறும் சபையின் நிலத்திலேயே வாழ்ந்து வந்தது. சபையின் தலைமை மாறியபின், நிலையம் தனித்து இயங்குதற்குத் தனக்கென இடம் தேடவேண்டிய நிலை வந்தது. அடையாற்றின் ஆலமரச் சூழலில் வளர்ந்த பள்ளிக்கு மணல்வெளியே காத்திருந்தது. திருவான்மியூரில் நிலம் பெற்று, மரம் நட்டு, கூரைவேய்ந்து, சிறிது சிறிதாய்ச் செப்பனிட்டு, 1962-இல் அப்பள்ளி இவ்வூர்க்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஊருக்குச் செல்ல ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் ஆயின. காடு வெட்டிக் கோயில் எழுப்பிய பெரியோரின் செயலுக்கு இப்பொறுமை ஒப்பாகும்.

மூன்றாம் சோதனை காலன் தந்தது. அங்குக் கற்பித்த பெரும்புலவர்கள் முதியவர்கள். டைகர் வரதாச்சாரியார் 1950-இல் மறைந்தார். வீணைப் பெரும்புலவர் காரைக்குடி சாம்பசிவ ஐயர் 1958-இல் மறைந்தார். பிற பள்ளிகள் இளைஞரைத் தேடியபோது இப்பள்ளி முதியோரைத் தேடியது. மைசூர் வாசுதேவாச்சாரியார் எண்பத்தைந்து வயது கடந்தபின் அடையாற்றுக்கு வந்தவர். இராமாயண நாட்டிய நாடக வரிசைக்கு இசையமைக்கும் பணியை அம்மையார் அவரிடம் ஒப்புவித்தார். வரிசையின் முதல் நாடகமாகிய சீதா சுயம்வரம் 1955-இல் அரங்கேறியபோது அவர்க்கு வயது 90. ஆறு நாடகங்களும் நிறைவெய்தும்வரை அவர் வாழ்தல் அரிது என்பதை அறியாதார் யார்? அறிந்தே தொடங்கினர். 1961-இல் அவர் மறைந்தார். அவருடைய பேரர் எஸ். இராஜாராம் எஞ்சிய பகுதிகட்கு இசையமைத்தார். 1970-இல் மகா பட்டாபிஷேகத்தோடு வரிசை நிறைவுற்றது. பாட்டனார் தொடங்கியதைப் பேரனார் முடித்தார். அடையாற்றில் பிறந்த அவ்விராமகாதை, ஆதிகவியாகிய வான்மீகியின் பெயர் தாங்கிய இவ்வூரில் முடிவெய்தியது. திருவருள் கூட்டும் பொருத்தம் இத்தகையது.

குடிபெயர்ந்த 1962-ஆம் ஆண்டே கண்ணப்பர் குறவஞ்சியும் பாபநாசம் சிவன் இசையில் அரங்கேறிற்று. முறையறியா வேடராயினும் கண்ணப்பர் அன்பினால் முதன்மை எய்தினார். முறை முழுதும் அறிந்த சிவகோசரியார்க்கு இறைவன் கண்ணப்பரின் அன்பையே காட்டிக் கற்பித்தான். கலைப்பள்ளிக்கும் முறை வேண்டும். அன்பு அதனினும் வேண்டும்.

இத்துணைச் சோதனைகட்கிடையே அம்மையார் தளராமைக்குக் காரணம் யாது? பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாற்றை ஆய்வார்க்கு அது விளங்கும். திருத்தருமபுரத்தில் உறவினர் சிலர், பாணர் யாழில் இட்டு வாசிப்பதனாலேயே பிள்ளையாரின் பாடல்கள் சிறக்கின்றன என்றனர். பாணர் நடுங்கினார். யாழில் அடங்காத பதிகம் ஒன்று அருளுமாறு பிள்ளையாரை வேண்டினார். பிள்ளையார் பாடினார், யாழ் தோற்றது. இக்கருவியால் அன்றோ இப்பழி வந்தது என்று பாணர் யாழை முறிக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்தருளினார். அம்மையப்பரின் புகழ் முழுதும் ஒரு கருவியில் அடங்கிவிடுமோ என்று தெளிவித்து, அடங்கும் அளவிற்கு வாசிக்குமாறு பணித்து, யாழைத் திரும்ப அளித்தார். பாணர் தம் மனைவியார் மதங்கசூளாமணியாரோடு அத்தொண்டினை இறுதிவரை தொடர்ந்து ஆற்றினார்.

கலைப்பள்ளி நடத்துவோர்க்கு இதனினும் சிறந்த அறிவுரை இல்லை. பள்ளி ஒரு கருவி. கலையின் பெருமை முழுதும் அதனுள் அடங்காது. அடங்கவில்லை என்பதற்காக அதனை முறித்தல் தகாது. “இப்பள்ளியால் எனக்கு என்ன பெருமை?” என்று வினவுவோர், வறுமை வந்தவுடன் அதனை முறித்துவிடுவர். “இக்கருவியில் எவ்வளவு இசைக்கலாம்?” என்று வினவுவோர், ஒரு மாணவி இருந்தாலும் கற்பிப்பர். நட்டுவனார் விலகியபோதும், நிலம் அகன்றபோதும், புலவர் மறைந்தபோதும் அம்மையார் இரண்டாம் வினாவையே வினவினார் என்பதற்கு அவர் செயல்களே சான்று. சைவம் கூறும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நெறிகளுள், விளக்கிடுதலும் அலகிடுதலும் முதற்படி. பயனை நோக்காது நாள்தோறும் செய்யும் அச்சிறு பணிகளே உள்ளத்தை உறுதிப்படுத்துவன. காலைதோறும் ஆலமரத்தடியில் மாணாக்கரும் ஆசிரியரும் கூடிப் பல சமய வழிபாடுகளையும் ஓதும் வழக்கத்தை அம்மையார் அப்பள்ளியில் நிலைநாட்டினார். மேடையில் நடராசப் பெருமானின் திருவுருவை எழுந்தருளச் செய்யும் வழக்கத்தைப் பரப்பியவரும் அவரே. இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. யார்பொருட்டு ஆடுகின்றோம் என்பதை ஆடுவோர்க்கு நாள்தோறும் நினைவூட்டுவன.

பதவிகளும் அவரை நாடி வந்தன. 1952 முதல் 1962 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராய் விளங்கினார். விலங்குகளை வதைத்தலைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு அவர்தம் முயற்சியே வித்தாயிற்று. 1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய், குடியரசுத் தலைவர் பதவிக்கு அவர் பெயரைக் கருதினார். அம்மையார் அதனை ஏற்கவில்லை. அப்பொழுது அவர்க்கு அகவை 73. நாட்டின் மிக உயர்ந்த பதவியினும் மணல்வெளியில் வளர்ந்த பள்ளியே அவர்க்குப் பெரிதாயிற்று. கேரளக் கோயில்களின் கூத்தம்பலத்தை ஒத்த அரங்கம் ஒன்றும் அவர் முயற்சியால் அங்கு எழுந்தது. 1986 பிப்ரவரி 24-ஆம் நாள் அவர் மறைந்தார். பின்னர் 1993-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் ஒன்று இயற்றி, கலாக்ஷேத்திரத்தைத் தேசிய முதன்மை வாய்ந்த நிலையமாக அறிவித்தது.

அரசின் துணை கிட்டியபின் சோதனை ஒழிந்தது என்று கருதுவது பிழை. 2023 மார்ச்சில் அந்நிலையத்து மாணாக்கர், பாலியல் தொல்லை பற்றிய முறையீடுகளை முன்வைத்து அறவழியில் அமர்ந்து போராடினர். ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பெற்றது. இதனைக் கூறாது விடுதல் அந்நிலையத்திற்குச் செய்யும் நன்மை ஆகாது. கலைப்பள்ளியின் முதற்செல்வம் மாணாக்கரே. அவர்கள் அச்சமின்றிக் கற்கும் நிலை இல்லையேல், அரங்கமும் சோலையும் பயனில. பொருள் வறுமை ஒரு சோதனை. கருத்து நெகிழ்தல் அதனினும் பெரிய சோதனை. முன்னதைக் கொடையால் தீர்க்கலாம். பின்னதை ஒவ்வொரு தலைமுறையும் தானே விழித்திருந்து தீர்த்துக்கொள்ள வேண்டும். நிறுவியவர் ஒருமுறை சாத்திய பந்தனம் எக்காலத்திற்கும் போதாது.

கொடைநலம் மிக்க அன்பர்களே! கலாக்ஷேத்திரம் போன்ற பெருநிலையங்கள் சிலவே. ஊர்தோறும், தெருதோறும், ஒரு சிறு கூடத்தில் பத்துப் பிள்ளைகட்குத் தேவாரப் பண்ணும் பரதமும் மிருதங்கமும் கற்பிக்கும் சிறு பள்ளிகள் பல. வாடகை செலுத்த இயலாமல் அவற்றை மூடிவிட எண்ணுவோர் உளர். கோபுரத்திற்குப் பொன்வண்ணம் தீட்டிய கைகள் அவற்றையும் நோக்குதல் வேண்டும். மிருதங்கத்திற்குத் தோல் மாற்றும் செலவு, ஏழை மாணாக்கர் ஒருவரின் ஓராண்டுக் கட்டணம், திருவிழா நாளில் அப்பிள்ளைகள் சுவாமி திருமுன் ஆடவும் பாடவும் ஒரு நாழிகை — இவை பெருஞ்செலவல்ல. பொருளினும் அந்த ஒரு நாழிகை பெரிது. தம் கலைக்கு ஓர் இடம் உண்டு, கேட்பார் உண்டு, ஏற்பான் ஒருவன் உளன் என்பதை அது உணர்த்தும். சோர்ந்த ஆசிரியர்க்கு அவ்வுணர்வே மருந்து. மருந்தீசன் எழுந்தருளிய இவ்வூரில் அம்மருந்தினை வழங்குதல் அடியார்க்குத் தகும்.

பள்ளி நடத்துவோரும் ஆண்டுக்கொருமுறையேனும் கணக்கேட்டை மூடிவைத்து, யாரிடமிருந்து இக்கலையைப் பெற்றோம், யாருக்கு அளிக்கின்றோம், யார்பொருட்டு அளிக்கின்றோம் என்னும் மூன்று வினாக்களைத் தம்முள் வினவிக்கொள்வாராக. விடை தெளிவாய் எழுமாயின், நெகிழ்ந்த பந்தனம் இறுகிவிட்டது என்றே கொள்ளலாம். பின்னர் யாழில் அடங்கும் அளவிற்கு இசைத்தல் ஒன்றே அவர் கடமை. அடங்காதது இறைவன் பொறுப்பு.

திருக்கோயில்கள் தழைக்க! திருமுறையும் கலைகளும் ஓங்குக! கற்போரும் கற்பிப்போரும் நலம்பெற்று வாழ்க! திருவருள் முன்னிற்க!